வலையொலிச் சொற்களின் வரலாறு



பொட்காஸ்ட் என்னும் சொல் இந்நாளில் இளைஞர் நாவில் அடிக்கடி வழங்குகின்றது. அதன் பின்னே ஃபீட், எபிசோட், ஹோஸ்ட், டவுன்லோட், ஸ்ட்ரீமிங், ஃபொலோ என ஒரு சொற்கூட்டமே வந்து நிற்கின்றது. பல்லாண்டுகளாக வானொலிப் பெட்டியின் அருகமர்ந்து செய்தியும் நாடகமும் இசையும் கேட்டுப் பழகிய நேயர் பலர், இவை பிள்ளைகளுக்குரியவை என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. இச்சொற்களுட் பெரும்பாலானவை பொறியியலாளரின் ஆய்வுகூடத்திற் புதிதாய் வார்க்கப்பட்டவை அல்ல. ஒன்று வயலிலிருந்து வந்தது. ஒன்று கடித உறையிலிருந்து வந்தது. மற்றொன்று கிரேக்க நாடக அரங்கிலிருந்து வந்தது.

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்துக் காட்டுவர் நம் இலக்கண நூலார். மரத்துக்கு மரம் என்று ஏன் பெயர் வந்தது என வினவினால் விடையில்லை. நாற்காலிக்கு அதன் கால்களே விடை. வலையொலித் துறைச் சொற்கள் ஏறக்குறைய யாவும் காரணப் பெயர்கள். காரணத்தை அறிந்தால் அத்துறை எவ்வாறு இயங்குகின்றது என்பதும், அதிற் கேட்பவருக்கு உள்ள உரிமை யாது என்பதும் உடன் விளங்கும். ஆகவே அச்சொற்களை, கூடியவரை அவை பிறந்த வரிசையிலேயே இன்று எடுத்துக்கொள்வோம்.

பொட்காஸ்ட் என்பதன் பிற்பாதியாகிய காஸ்ட் என்பதே மூத்தது. அது புரோட்காஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லின் வால். வானொலி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஆங்கில நாட்டு உழவர் அச்சொல்லை வழங்கினர். விதையைக் குழியிட்டு நடாமல் கையால் அள்ளி நிலமெங்கும் வீசுதலே அதன் பொருள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல்லை வீசி விதைப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கம்பியில்லாத் தந்தி தோன்றிய நாளில், ஒருவர் அனுப்பும் செய்தியை உரியவர் மட்டுமன்றி எவரும் கேட்கக்கூடும் என்பது அக்கருவியின் குறையாகவே எண்ணப்பட்டது. அக்குறையையே நிறையாக்கி, எல்லாரும் கேட்கட்டும் என்று பேச்சையும் பாட்டையும் வானில் வீசத் தொடங்கியது 1920 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். அப்போது உழவர் சொல் ஒலிக்கு ஏறிற்று. கொழும்பில் வானொலி நிலையம் 1925 டிசம்பர் 16 ஆந் திகதி தொடங்கப்பெற்றது. தமிழில் நாம் ஒலிபரப்பு என்று ஆக்கிக்கொண்டோம். யாழ்ப்பாணத்தார் காணியை அளப்பதும் பரப்புக் கணக்கிலேயே. நிலத்தின் மணம் தமிழ்ச் சொல்லிலும் ஒட்டிக்கொண்டது தற்செயலே ஆயினும் பொருத்தமானது.

வீசிய விதைக்குப் பருவம் உண்டு. அவ்வாறே ஒலிபரப்புக்கு நேரம் உண்டு. இரவு எட்டு மணிப் பேச்சை எட்டு மணிக்கே கேட்டல் வேண்டும். அடுப்படியில் வேலையாயிருந்தவர்க்கு அது போயிற்று. வானொலிப் பேச்சுகளைத் தொகுத்து நூலாக அச்சிடும் வழக்கம் எழுந்ததும் இக்குறை நோக்கியே. பேச்சை எழுத்தாக மாற்றாமல், பேச்சாகவே வைத்திருந்து வேண்டியபோது கொடுக்க இயலுமா என்பதுதான் வலையொலிக்கு முன்னிருந்த வினா.

அதற்கு முதற்கண் ஒலி கையாளத்தக்க ஒரு பொருளாதல் வேண்டும். கணினியில் அப்பொருளுக்குக் கோப்பு என்று பெயர். இசைத்தட்டின் தரத்தில் ஒரு மணி நேர ஒலியைக் கோப்பாக்கினால் அது ஏறக்குறைய 635 மெகாபைட் அளவினதாகும். 1990 களின் இறுதியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு தொடுத்தவர்கள், நொடிக்கு 56,000 பிட் என்னும் மிகையான வேகம் கிடைத்த போதிலும், அக்கோப்பைப் பெற ஒரு முழுநாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இத்தடையை நீக்கியவர்கள் ஜேர்மனி நாட்டு எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தார். அவர்களுள் முதன்மையாகப் பேசப்படுபவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவர்கள் பற்றிக்கொண்ட உண்மை எளியது. தவில் முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பது காதில் விழுவதில்லை. காதில் விழாத ஒலியைக் கோப்பில் ஏன் சுமக்க வேண்டும்? அதனைக் கழித்துவிட்டால் கோப்பு சுருங்கும். கேட்பவர் பெரும்பாலும் வேறுபாடு காணார். இம்முறைக்கு எம்பி3 என்ற சுருக்கப் பெயரை அவர்கள் 1995 யூலை 14 ஆந் திகதி தம்முள் வாக்கெடுத்துத் தெரிந்துகொண்டனர்.

பிட் ரேட் என்று கூறப்படுவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை பிட் செலவிடப்படுகின்றது என்னும் கணக்கு. இசைக்கு நொடிக்கு 128,000 பிட் என்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. ஒருவர் பேச்சுக்கு அதன் பாதியே போதும். அவ்வளவில் ஒரு மணி நேரப் பேச்சு 29 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். முன்னே ஒரு நாளைக்கு மேல் எடுத்த அதே கம்பியில் அது எழுபது நிமிடத்தில் வந்து சேரும். இந்த எண்களை நினைவிற் கொள்ள வேண்டியதில்லை. பேச்சு இசையினும் சிறிய இடத்தில் அடங்கும் என்பதொன்றே வேண்டற்பாலது. வலையொலி பாட்டரங்கமாக வளராமல் பேச்சரங்கமாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பாட்டுகளுக்கு உரிமைப் பணம் கட்டவேண்டியிருந்தமை மற்றொரு காரணம்.

இனி பொட் என்னும் முற்பாதி. அப்பிள் நிறுவனம் 2001 ஒக்டோபர் 23 ஆந் திகதி ஐபொட் என்னும் சிறு கருவியை வெளியிட்டது. சட்டைப் பையில் அடங்கும். ஆயிரம் பாடல்களைக் கொள்ளும் என்றனர். எம்பி3 கோப்புகளை இசைக்கும் கருவிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆயினும் மக்கள் மனத்தைக் கவர்ந்தது இதுவே. தாய்க்கலத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனிடமே வந்து சேரும் சிறு விண்கலத்தை எண்ணி அப்பெயர் இடப்பட்டது என்பர். கணினியிலிருந்து பாடலை ஏற்றிக்கொண்டு புறப்படும் கருவிக்கு அவ்வுவமை பொருந்தும். ஆங்கிலத்தில் பொட் என்பதன் பழம்பொருளோ விதைகளை உள்ளடக்கிய நெற்று. நெற்று ஒரு பாதியாகவும் விதை வீசுதல் மறுபாதியாகவும் அமைந்த சொல்லை உழவர் எவரேனும் ஆக்கியிருந்தால் வியப்பில்லை. ஆக்கியவர் உழவரல்லர், பத்திரிகையாளர். அவரிடம் வருமுன் இடையில் நிகழ்ந்த ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உண்மையில் வலையொலியின் உயிர்நிலை அதுவே.

கோப்பு இருக்கின்றது, கருவியும் இருக்கின்றது. புதிய பேச்சு வெளியாயிற்று என்பதைக் கேட்பவர் எங்ஙனம் அறிவார்? ஒவ்வொரு இணையப் பக்கமாக நாள்தோறும் போய்ப் பார்த்தல் இயலுமா? எழுத்துப் பக்கங்களைப் பொறுத்த அளவில் இவ்வினாவுக்கு 1999 மார்ச் மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தார் ஒரு விடை கண்டனர். அதனை வகுத்தவர் இருவர். ஒருவர் டான் லிபி. மற்றவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இராமநாதன் குகா. ஒவ்வொரு இணையத்தளமும் தன் புதிய வெளியீடுகளின் தலைப்பு, முகவரி, சிறுகுறிப்பு ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, இயந்திரம் வாசிக்கத்தக்க ஒழுங்கில் வைத்துவிட வேண்டும். நூல்நிலைய வாயிலில் புதுவரவுப் பட்டியல் ஒட்டுவதை ஒத்தது இது. வேறுபாடு யாதெனில், பட்டியலைப் பார்க்க நாம் நடந்துபோக வேண்டியதில்லை. நமது கணினி நமக்காகப் போய்ப் பார்த்து வந்து, இன்னது புதிது என்று சொல்லும்.

இப்பட்டியலுக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். இந்திய நாட்டுச் சங்கம் ஒன்றோடு இதனை மயங்கற்க. இம்மூன்றெழுத்தின் விரிவு இரண்டு முறை மாறியது. முதலில் ஒன்று சொன்னார்கள். நான்கு மாதத்துக்குள் வேறொன்று சொன்னார்கள். 2002 ஆம் ஆண்டளவில் டேவ் வைனர் என்னும் அமெரிக்க நிரலாளர் 'மிக எளிய பகிர்வு' என்னும் பொருளில் மூன்றாம் விரிவைக் கொடுத்தார். எழுத்து மாறாது காரணம் மட்டும் மாறிய பெயர் இது. பட்டியல் இடையறாது வந்துகொண்டிருத்தலின் ஆங்கிலத்தில் அதனை ஃபீட் என்றனர். இரை ஊட்டுதல், இயந்திரத்துக்கு மூலப்பொருள் தள்ளுதல் என்பன அதன் பொருள். இணையத் தமிழர் அதனை ஓடை என்றனர். ஊட்டம் என்பதிலும் ஓடை என்பதே எனக்கு உவப்பானது. ஊட்டப்படுபவன் சும்மா இருக்கின்றான், ஓடையிலிருந்தோ நாம் விரும்பிய அளவு முகந்துகொள்கின்றோம்.

ஓடையில் அக்காலத்தில் எழுத்து மட்டுமே வந்தது. 2000 ஒக்டோபரில் வைனரைச் சந்தித்தார் அடம் கரி என்பவர். இவர் முன்னர் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளை வழங்கிப் பெயர் பெற்றவர். ஒலிபரப்புத் துறையின் பொறுமையின்மையை அறிந்தவர். இணையத்தில் ஒலிக்கோப்பைத் தொட்டால் அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பே மக்களைத் துரத்துகின்றது என்பது அவர் கண்டது. அவர் கூறிய வழி இது: மக்கள் உறங்கும்போது கணினி சும்மா நிற்கின்றது, கம்பியும் சும்மா கிடக்கின்றது. அந்நேரத்தில் கணினியே போய்க் கோப்பை எடுத்து வந்து வைத்திருக்கட்டும். காலையில் எழுந்தவர் காத்திராமல் கேட்பார். இதற்கென வைனர் 2000 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். பட்டியலில் ஒரு புதிய உறுப்பைச் சேர்த்தார். அதன் பெயர் என்குளோசர்.

அலுவலகக் கடிதம் எழுதியவர்க்கு இச்சொல் புதிதன்று. கடிதத்தின் அடியில் 'இணைப்பு' என்று எழுதி, உறைக்குள் வேறொரு தாளையும் வைத்து அனுப்புகின்றோமல்லவா? அதே இணைப்புத்தான். பட்டியலின் ஒவ்வொரு வரியோடும், இதற்குரிய ஒலிக்கோப்பு இன்ன முகவரியில் இருக்கின்றது, அதன் அளவு இத்தனை பைட், அதன் வகை இன்னது என்னும் மூன்று செய்திகளைக் கட்டிவிடுவது. இணைப்பு என்று குறித்துவிட்டு இணைப்பை வையாது அனுப்பும் கடிதங்களை அதிபர் கதிரையில் இருந்து பல கண்டிருக்கின்றேன். கணினி அத்தகைய பிழையைப் பொறுப்பதில்லை. முகவரி தவறினால் ஒன்றும் வந்து சேராது. 2001 சனவரியில் வைனர் தம் இணையப் பக்கத்தின் ஓடையில் ஒரு பாடலை இவ்வாறு இணைத்துக் காட்டினார். ஆயினும் ஏறக்குறைய மூன்றாண்டுகள் இவ்வசதியைப் பயன்படுத்தினோர் மிகச் சிலரே. 2003 ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த வைனர், அங்கிருந்த மூத்த வானொலியாளர் கிறிஸ்தோபர் லைடன் பதிவுசெய்த செவ்விகளை ஓடையில் இணைத்து வெளியிட்டார். வலையொலி என்று இன்று நாம் அறியும் வடிவில் தொடர்ந்து வெளிவந்தவற்றுள் முதன்மையானது அது. அப்போதும் அதற்குப் பெயர் இல்லை.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வானொலி நடத்த அலைவரிசை வேண்டும். அதற்கு அரசின் அனுமதி வேண்டும். கோபுரமும் மின்சாரமும் பெரும் பொருளும் வேண்டும். ஓடைக்கோ இவை வேண்டியதில்லை. ஒலிவாங்கி ஒன்றும் கணினி ஒன்றும் கோப்பை வைக்க ஓரிடமும் போதும். கேட்பவரும் தம் பெயரை எவரிடமும் பதிய வேண்டியதில்லை. வாயிலில் ஒட்டிய பட்டியலை எவரும் படிக்கலாம் அல்லவா? எந்த நிறுவனத்தின் செயலியாலும் அதே ஓடையைப் பெறலாம். தெருவுக்குப் பொதுவான கிணறு போன்றது அது. எந்த வாளியாலும் அள்ளலாம். இதனை மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

இனிப் பெயர் பிறந்த கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் 2004 பெப்ரவரி 12 ஆந் திகதி பென் ஹாமர்ஸ்லி என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தில் தாமே ஒலிபரப்புச் செய்யும் இப்புதிய முயற்சியை என்னவென்று அழைப்பது என்று வினவி, மூன்று பெயர்களை அடுக்கினார். அவற்றுள் நடுவில் நின்றது பொட்காஸ்டிங். அச்சுப் பக்கத்தில் இடம் நிரம்ப ஒரு வரி குறைந்ததால் அதனை எழுதியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கின்றார். உலகெங்கும் வழங்கும் சொல் ஒன்று, பத்திரிகைப் பத்தியை நிரப்பவேண்டிப் பிறந்தது! ஏழு மாதம் அச்சொல்லை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அடம் கரி தம் குரலில் ஒரு நாள்நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஓடையிலிருந்து கோப்பை எடுத்து ஐபொட் கருவியில் தானே ஏற்றிவிடும் ஐபொடர் என்னும் நிரலையும் பரப்பினார். செப்டம்பர் மாதத்தில் இணைய ஆர்வலர் இம்முயற்சிக்குப் பொட்காஸ்டிங் என்னும் பெயரைக் கையாளத் தொடங்கினர். பெயரும் பொருளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. பி.பி.சி. நிறுவனமும் அவ்வாண்டு முடிவதற்குள் ஓர் உரையாடல் நிகழ்ச்சியை இம்முறையில் வெளியிட்டுச் சோதித்துப் பார்த்தது. 2005 யூன் 28 ஆந் திகதி அப்பிள் நிறுவனம் தன் ஐரியூன்ஸ் நிரலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வலையொலிகளைப் பட்டியலிட்டது; இரண்டு நாளில் பத்து இலட்சம் சந்தாக்கள் பதிவாயின என்று அறிவித்தது. அவ்வாண்டின் சிறந்த சொல்லாக நியூ ஒக்ஸ்போர்ட் அமெரிக்க அகராதியினர் பொட்காஸ்ட் என்பதைத் தெரிந்தெடுத்தனர்.

பெயரால் ஒரு தீங்கும் விளைந்தது. ஐபொட் கருவி வைத்திருப்பவரே பொட்காஸ்ட் கேட்கலாம் என்று பலர் எண்ணினர். எந்தக் கணினியிலும் எந்த எம்பி3 கருவியிலும் கேட்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கருவியின் பெயரை மறைக்க வேண்டி, பொட் என்பதற்கு வேறு மூன்று சொற்களின் முதலெழுத்துகள் என்று விளக்கம் புனைந்தவர்களும் உளர். அது பின்னர்க் கட்டிய கதை. மெய்யான காரணம் அன்று.

தமிழில் வலையொலி என்று வழங்கும் சொல் இவ்விடர் அற்றது. வானொலி என்பதன் வார்ப்பிலேயே, வலை வழியே வரும் ஒலி என்று தெளிவாக நிற்கின்றது. 1936 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளார் இச்சொல்லைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார் என்று நம்புகின்றேன். அதற்காக எல்லாச் சொல்லையும் பெயர்த்தே ஆகவேண்டும் என்று நான் கூறேன். எம்பி3 என்பது எம்பி3 ஆகவே இருக்கட்டும். திசைச்சொல்லுக்கும் இடமளித்தவர் தொல்காப்பியர்.

நிகழ்ச்சியைச் சுற்றியுள்ள சொற்களை விரைந்து பார்ப்போம். எபிசோட் என்பது கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் ஒரு குழுப்பாடலுக்கும் அடுத்த குழுப்பாடலுக்கும் இடைப்பட்ட பகுதி. பின்னர் கதையின் ஒரு நிகழ்ச்சி என்றாகி, வானொலித் தொடரின் ஒரு தவணை என்றாகி, வலையொலிக்கு வந்தது. தமிழில் அத்தியாயம் என்றால் பொருந்தும். சீசன் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஓராண்டு நிகழ்ச்சித் தொகுதி. அதனையே ஆங்கிலேயர் சீரீஸ் என்பர். இரண்டும் ஒன்றே என்றறிந்தால் மயக்கம் தீரும். வாரமொரு பகுதியாக வந்து மக்களைக் காத்திருக்க வைப்பது பத்திரிகைத் தொடர்கதையின் பழைய தந்திரம். 2014 ஒக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய சீரியல் என்னும் வலையொலி, ஒரு கொலைவழக்கை 12 அத்தியாயங்களில் ஆராய்ந்து, அத்தந்திரம் இங்கும் செல்லும் என்று காட்டியது. வலையொலி என்பதையே அதனால் அறிந்தவர் மிகப் பலர்.

ஹோஸ்ட் என்னும் சொல் இருபொருள் உடையது. தொடக்கநிலையினர் இடறும் இடம் இது. விருந்தளிப்பவர் என்பது அதன் அடிப்படை. நிகழ்ச்சியை வழங்குபவர், விருந்தினராகிய பேச்சாளரை வரவேற்று உரையாடுதலால் ஹோஸ்ட் எனப்படுகின்றார். ஒலிக்கோப்புகளுக்குத் தன் கணினியில் இடங்கொடுத்து, கேட்போர் வரும்போதெல்லாம் எடுத்து வழங்கும் நிறுவனமும் ஹோஸ்ட் எனப்படும், அத்தொழில் ஹோஸ்டிங். முன்னதை வழங்குநர் என்றும் பின்னதைச் சேமிப்பகம் என்றும் பிரித்துச் சொன்னால் நன்று. அப்பிள் போன்ற பெரிய அடைவுகள் கோப்புகளை வைத்திருப்பன என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அவ்வாறன்று. அவை தொலைபேசி விபரக்கொத்துப் போன்றவை. எண்ணைக் காட்டும், பேசுபவர் வேறிடத்தில் இருப்பார்.

டவுன்லோட், ஸ்ட்ரீமிங் என்பன தண்ணீர்க் குடத்தையும் குழாயையும் போல்வன. முன்னதில் கோப்பு முழுவதும் நமது கருவிக்கு வந்து தங்கும். பின்னர் இணையம் இல்லாதபோதும் கேட்கலாம். பின்னதில் கேட்கக் கேட்க வந்துகொண்டிருக்கும். இணைப்பு அறுந்தால் ஒலியும் அறும். கட்டணம் செலுத்தித் தரவு வாங்குவோர், இலவச இணைப்புள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்வதே சிக்கனம். ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை இலட்சம் டவுன்லோட் என்று விளம்பரம் செய்வதைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். அது கோப்பு புறப்பட்ட கணக்கு. காது கொடுத்த கணக்கன்று. வாசலில் விழுந்த பத்திரிகைகளை எண்ணினால் வாசித்தவரை எண்ணியதாகுமா? ஆயினும் விளம்பரக்காரர் பணங்கொடுப்பது இக்கணக்கைக் கொண்டே. நிகழ்ச்சிக்கு முன் வரும் விளம்பரத்தைப் பிரீரோல் என்றும் இடையில் வருவதை மிட்ரோல் என்றும் கூறுவர். வானொலியில் எல்லாரும் கேட்பது ஒரே விளம்பரம். வலையொலியில் ஒரே அத்தியாயத்தைக் கொழும்பில் கேட்பவருக்கு ஒன்றும் இலண்டனில் கேட்பவருக்கு வேறொன்றும் செருகிக் கொடுக்க முடிகின்றது.

சப்ஸ்கிரைப் என்ற சொல்லின் கதை தனிச்சுவையுடையது. ஒரு தாளின் அடியில் கையெழுத்திடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நூல் அச்சாவதற்கு முன்னரே, இத்தனை பிரதி வாங்குவேன் என்று கையொப்பமிடும் வழக்கம் இருந்தது. அதிலிருந்து பத்திரிகைச் சந்தா வந்தது. சந்தா என்றால் பணம். வலையொலி ஓடையைத் தொடர்ந்து பெறுதற்கும் அச்சொல்லையே இட்டனர். ஆனால் அங்கே பணம் இல்லை. பணம் கேட்பார்களோ என்று அஞ்சியே பலர் அப்பொத்தானைத் தொடாது விட்டனர். 2021 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் அச்சொல்லை நீக்கி ஃபொலோ, அதாவது பின்தொடர்க, என்று மாற்றியது. அதே ஆண்டு யூன் மாதத்தில், மெய்யாகவே பணங்கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளுக்குச் சப்ஸ்கிரைப் என்னும் சொல்லை மீண்டும் கொணர்ந்தது. ஆகவே இன்று அப்பிள் செயலியில் பின்தொடர்தல் இலவசம். சந்தா என்றாற் சந்தாவே.

2022 மே மாதத்தில் ஐபொட் கருவியின் கதையும் முடிந்தது. இருப்பில் உள்ளவை தீர்ந்தபின் விற்பனை இல்லை என்று அறிவித்தனர். கருவி போயிற்று; பெயர் நிலைத்தது. இனிப் பிறக்கும் குழந்தைக்குப் பொட்காஸ்ட் என்பது மரம், மலை போன்ற இடுகுறிப் பெயராகவே தோன்றும்.

கருவியின் மறைவு பெரிதன்று. ஓடையின் மறைவே பெரிது. 2020 ஆம் ஆண்டு முதல், ஸ்பொட்டிஃபை என்னும் நிறுவனம் பெரும்பொருள் கொடுத்துச் சில புகழ்பெற்ற நிகழ்ச்சிகளைத் தன் செயலியில் மட்டுமே கேட்குமாறு செய்தது. ஆங்கிலத்தில் இதற்கு எக்ஸ்குளூசிவ் என்று பெயர். பொதுவான ஓடை நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்திற் பெயர் பதிந்தவரே கேட்கலாம். ஊர்க் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பி, என் வாளியால் மட்டும் அள்ளுக என்பதற்கு இது ஒப்பாகும். இத்தகையதைப் பொட்காஸ்ட் என்று அழைப்பது தகுமா என்று துறையினர் வாதிட்டனர். பலர் வழக்கே சொல் என்று கூறி அமைந்தனர். நான் ஓடையில்லாததை அப்பெயரால் அழையேன். இணையத்தில் வைத்த ஒலிப்பதிவு என்பேன். அவ்வொப்பந்தங்களுட் பெரிதாகப் பேசப்பட்ட ஜோ ரோகன் நிகழ்ச்சியும் 2024 ஆம் ஆண்டில் மீண்டும் மற்றச் செயலிகளுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதிலுக்குள் இருப்பதால் இழந்த செவிகளும் கணக்கில் வந்திருக்க வேண்டும்.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் நேயர் ஒருவர், ஒரு நிகழ்ச்சியைப் பற்றி முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, 'இதற்கு ஆர்.எஸ்.எஸ். முகவரி உண்டா?' என்பதே. உண்டு என்றால், எந்தச் செயலி அழிந்தாலும் நிகழ்ச்சி அழியாது. இதற்குச் சான்று அண்மையது. கூகிள் நிறுவனம் கூகிள் பொட்காஸ்ட்ஸ் என்னும் தன் செயலியை 2024 ஆம் ஆண்டில் மூடிவிட்டது. அமெரிக்காவில் ஏப்ரல் மாதத்திலும் ஏனைய நாடுகளில் யூன் மாதத்திலும் அது நின்றது. தன் யூரியூப் மியூசிக்கிற்கு வருமாறு கேட்போரை அழைத்தது. அதற்கு விரும்பாதவர்க்கும் ஒரு வழி இருந்தது. தாம் பின்தொடரும் ஓடைகளின் முகவரிகளையெல்லாம் ஒரே கோப்பில் எழுதி எடுத்துச் செல்லலாம். அக்கோப்பு வகைக்கு ஓ.பி.எம்.எல். என்று பெயர், அதனையும் வகுத்தவர் டேவ் வைனரே. சில கிலோபைட் அளவே உள்ள அச்சிறு கோப்பைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு வேறொரு செயலியிற் சேர்த்தவர்களுக்கு, அடுத்த அத்தியாயங்கள் வழக்கம்போல் அங்கே வந்து சேர்ந்தன.